24 வயது, முதல் கார், சிஓஇ புதுப்பித்த 86 கூப்பே: சிங்கப்பூரில் தாக்குப்பிடிக்க முடியுமா?

ஈசூன்_மேனுவல்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வயது 24. பாலிடெக்னிக், தேசிய சேவை எல்லாம் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சம்பளம் 4,200 வெள்ளி, மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தது போகக் கையில் 3,360 வரும். ஈசூனில் அப்பா அம்மாவோடு வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) இருக்கிறேன், வீட்டுக்கு மாதம் 500 கொடுக்கிறேன். சேமிப்பு 42,000. உரிமம் கிளாஸ் 3தான், 3ஏ இல்லை. கியர் மாற்றி ஓட்டும் கார்தான் வாங்குவேன் என்று அப்போதே முடிவு செய்திருந்ததால் ஆட்டோ மட்டும் எடுத்தால் சுலபம் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, புது ஓட்டுநருக்கான பி தகட்டையும் கழற்றியாயிற்று.

பார்த்து வைத்திருக்கும் கார் டொயோட்டா 86, ஆறு கியர் மேனுவல், சிவப்பு. 2013இல் பதிவானது, 2023இல் பத்து வருடத்துக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்திருக்கிறார்கள், இன்னும் ஏழரை வருடம் இருக்கிறது. விற்பவர் 98,000 கேட்கிறார், அதாவது டெப்ரி (மதிப்புத் தேய்வு) வருடத்துக்குச் சுமார் 13,000. இன்றைய நிலவரத்தில் புது ஜப்பானிய செடானுக்கே டெப்ரி அதைவிட அதிகம் என்பதால் இது நல்ல விலை என்று எனக்குப் படுகிறது.

கேட்க வேண்டியது இவைதான். இந்தச் சம்பளத்தில் இது சாத்தியமா? என் பெயரில் காப்புறுதிக்கு வருடம் 5,200 கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, 50 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி), அதனால் இந்தக் காரையும் அப்பா பெயரில் பதிந்து என்னைக் கூடுதல் ஓட்டுநராகப் போடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அது சரிவருமா? அப்புறம், பின்சக்கர இயக்கம் நம் மழைக்குப் பயமா? இப்போதைய உரிமையாளர் எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறார், சத்தம் அருமையாக இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேலைக்கு எம்ஆர்டியில்தான் போவேன். கார் மாலை நேரத்துக்கும் வார இறுதிக்கும் மட்டும். ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து வேறு எந்தக் காரைப் பார்த்தாலும் மனம் ஒட்டவில்லை.


பொத்தோங்பாசிர்_கணேசன்

தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

86இன் ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 20,000 வெள்ளியைத் தாண்டிவிடும், அதனால் நாணய ஆணைய விதிப்படி விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதிகபட்சம் ஏழு வருடம். 98,000க்கு 58,800 கடன். மீதி 39,200ஐ நீ ரொக்கமாகக் கட்ட வேண்டும். உன் சேமிப்பில் மிஞ்சுவது 2,800. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வை, திரும்ப வருகிறேன்.

சிஓஇ புதுப்பித்த காருக்கு எல்லா வங்கியும் கடன் தருவதில்லை, பல நேரம் நிதி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், வட்டியும் கூடுதலாகவே இருக்கும். 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள். கார் கடனில் அது முழுத் தொகைக்கும் கடைசி வருடம் வரை போடும் வட்டி, நீ கட்டக் கட்ட குறைவது கிடையாது. ஏழு வருடத்துக்கு வட்டி மட்டும் 14,400. மாதத் தவணை 870 வரும்.

காப்புறுதி மாதம் 433. வீவக மூடிய கார்பார்க் சுமார் 110. சாலை வரி 1,998 சிசிக்கு வருடம் ஏறத்தாழ 1,210, ஆனால் பத்து வருடம் தாண்டிய கார் என்பதால் கூடுதல் கட்டணம் உண்டு, 10 விழுக்காட்டில் தொடங்கி வருடா வருடம் பத்துப் பத்தாக ஏறி 50இல் நிற்கும். அப்போது வருடத்துக்கு 1,815 ஆகிவிடும். இப்போதைக்கு மாதம் 130 என்று போடுகிறேன். இந்த எஞ்சினுக்கு 98 ஆக்டேன் போடுவதுதான் நல்லது, நீ குறைவாக ஓட்டினாலும் பெட்ரோல் 300. வெளியில் நிறுத்தும் கட்டணமும் இஆர்பி சாலைக் கட்டணமும் 150. பராமரிப்புக்கு 200 ஒதுக்கு, பதின்மூன்று வயதுக் கார் இது.

கூட்டினால் 2,190 சொச்சம். வீட்டுக்கு 500. உன் கையில் நிற்பது 670. சாப்பாடு, போன், எம்ஆர்டி, தீபாவளி, நண்பன் கல்யாணம் எல்லாம் அதற்குள்தான்.

முடியாது என்று சொல்லவில்லை. இதைவிடக் குறைந்த மிச்சத்தில் கார் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சேமிப்பில் 2,800 மட்டும் வைத்துக்கொண்டு பதின்மூன்று வயது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளட்ச் போகும், ஏசி கம்ப்ரஸர் போகும், ஒரே மாதத்தில் இரண்டும் போகலாம். விபத்து என்றால் எக்செஸ் (இழப்பீட்டில் நாமே ஏற்க வேண்டிய தொகை) முழுவதும் உன் பையிலிருந்துதான். கார் பட்டறையில் நிற்கும்போதும் தவணை நிற்காது.

டெப்ரியைப் பற்றி ஒன்று. புது செடானோடு ஒப்பிட்டாய் அல்லவா, அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. பத்து வருடத்துக்குள் காரைப் பதிவு நீக்கினால் ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) கட்டியதில் ஒரு பங்கு பார்ஃப் என்று திரும்பி வரும். சிஓஇ புதுப்பித்த காருக்கு அது போய்விட்டது. இருப்பது சிஓஇயின் மீதி மதிப்பு மட்டும். அதனால் விற்பவரிடம் லாக் கார்டை (வாகனப் பதிவு விவரம்) கேட்டு, புதுப்பிக்கும்போது எவ்வளவு பிக்யூபி (சிஓஇ புதுப்பிப்புத் தொகை) கட்டினார் என்று பார். உதாரணத்துக்கு 115,000 கட்டியிருந்தால் ஏழரை வருடத்துக்கு மீதி 86,250. அப்படியானால் நீ கொடுக்கும் 98,000இல் காருக்கென்று கொடுப்பது 11,750தான், நாளைக்கே பதிவு நீக்கினாலும் பெரும்பகுதி திரும்பி வரும். அவர் கட்டியது 90,000 என்றால் மீதி 67,500தான், காருக்கு மட்டும் 30,500 கொடுக்கிறாய். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே டெப்ரிதான் தெரியும்.


காப்புறுதி_மாலா

அப்பா பெயரில் போடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மோட்டார் இழப்பீட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள்.

முதலில், அப்பாவின் 50 விழுக்காடு என்சிடி அவருடைய இப்போதைய காரில் இருக்கிறது. ஒரு என்சிடி ஒரு காருக்குத்தான். இரண்டாவது கார் அவர் பெயரில் பதிந்தாலும் அது பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். சில நிறுவனங்கள் இரண்டாவது காருக்குத் தனியாகச் சலுகை தருவதுண்டு, ஆனால் அது வேறு விஷயம்.

இரண்டாவது, விண்ணப்பத்தில் முக்கிய ஓட்டுநர் யார் என்று கேட்பார்கள். அப்பா என்று எழுதிவிட்டு தினமும் நீங்கள் ஓட்டினால் அது பொய்த் தகவல். சின்ன உரசலில் யாரும் கண்டுகொள்ளாமல் விடலாம். பெரிய விபத்து என்றால் விசாரிப்பவர் வருவார், காரை எந்த வட்டாரத்தில் யார் நிறுத்துகிறார், சீசன் பார்க்கிங் யார் பெயரில், தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று எல்லாம் பார்ப்பார். இழப்பீட்டை மறுத்துவிட்டால் 58,800 கடனும் உடைந்த காரும் குடும்பத்தின் தலையில். மகனுக்கு உதவ நினைத்த அப்பாவைக் கூப்பிட்டு இதைச் சொல்லும் வேலையை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்த வழிக்குப் போக வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பெயரில் எடுத்தால்தான் உங்களுக்கு என்சிடி சேரும். ஒரு வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் 10, அப்படியே ஐந்து வருடத்தில் 50. இப்போது 5,200 கொடுப்பது வலிக்கும், ஆனால் 30 வயதில் குடும்பக் கார் வாங்கும்போது அந்த 50 உங்கள் கையில் இருக்கும்.

5,200ஐ அப்படியே ஏற்காதீர்கள். வயதைவிட உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்பதைப் பல நிறுவனங்கள் பெரிதாகப் பார்க்கின்றன. உங்களுக்கு அது முடிய இன்னும் சில மாதம்தானே? அதற்குப் பிறகு அதே காருக்கு மறுபடி விலை கேட்டுப் பாருங்கள். பிரீமியத்தோடு எக்செஸையும் பாருங்கள். இளம் ஓட்டுநர், அனுபவமில்லாத ஓட்டுநர் என்று தனித்தனியாகக் கூட்டி வைத்திருப்பார்கள், மொத்தம் சில ஆயிரம் வெள்ளிக்குப் போய்விடும். மேலே கணேசன் அண்ணன் சொன்ன 2,800 அந்த எக்செஸுக்கே காணாது.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், எதிராளியோடு பேசி முடித்துவிட்டோம் என்றாலும் கூட. இளம் ஓட்டுநர்கள் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.


சின்மிங்_பட்டறை

காரைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. 86 நல்ல கார், அதில் சந்தேகமே வேண்டாம். எஞ்சின் சுபாரு, தட்டையாகப் படுத்திருக்கும் பாக்ஸர், எடை கீழே இருப்பதால் வளைவில் உடம்பு சாயாது. 200 குதிரைத்திறன் என்று சொன்னாலும் அது 7,000 ஆர்பிஎம்மில்தான் முழுதாக வரும், 3,500க்கும் 4,500க்கும் இடையே ஒரு தொய்வு இருக்கும், ஓட்டிப் பார்த்தபோது உனக்கே தெரிந்திருக்கும். அது பழுது இல்லை, பிறவியிலேயே அப்படித்தான்.

2013 வண்டி என்றாய். இது முக்கியம். 2012, 2013இல் தயாரானவற்றுக்கு வால்வு ஸ்பிரிங் திரும்பப்பெறும் அறிவிப்பு 2018இல் வந்தது. ஸ்பிரிங்கை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும், முன்பக்க மூடியைப் பிரித்துத் திரும்ப அடைப்பசை பூசி மூட வேண்டும். வெளிநாடுகளில் இந்த வேலைக்குப் பிறகு சில எஞ்சின்கள் போய்விட்டன, பசைத் துணுக்கு எண்ணெய் உறிஞ்சும் வலையில் சிக்கிக்கொண்டது என்று உரிமையாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதனால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து இரண்டு விஷயம் விசாரி: இந்த வண்டி அந்தப் பட்டியலில் உண்டா, உண்டு என்றால் யார் எப்போது செய்தார்கள். செய்த பிறகு நிறைய ஓடியிருந்தால் கவலை குறைவு. செய்யாமலே இருந்தால் அந்த வேலை முடியும் வரை பணத்தை நீட்டாதே.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முதல் நாளே சொல்லி வை, நீ போகும்முன் ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் வெட்டுக்கிளி மாதிரி கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்கும், அது உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், பயப்படாதே. கிளட்சை மிதித்தால் நின்று, விட்டால் வருகிற உறுமல் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும், அந்தச் செலவை விலையில் பேசு. மூன்றாவது, நான்காவது கியர் ஆறியிருக்கும்போது உரசுகிறதா பார். டைமிங் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிவு இருக்கிறதா டார்ச் அடித்துப் பார். பின்விளக்குக்குள் நீர் கோத்திருந்தால் பிளக் முனைகளையும் பார்.

பானெட் கீல் போல்ட்டில் பெயிண்ட் கீறியிருந்தால் கழற்றியிருக்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகள் அடிபட்டது அதிகம், பின்பக்கம் சுழன்று தடுப்பில் போய் மோதியவை. டிக்கி விரிப்பைத் தூக்கி அடித்தகட்டின் வெல்டிங்கைப் பார். உனக்குக் கண் பழகவில்லை என்றால் விக்கோம் அல்லது எஸ்டிஏ போன்ற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்துகொள், விற்பவர் அதற்கு மறுத்தால் திரும்பி நடந்து வந்துவிடு.

எக்ஸாஸ்ட் கேட்டாய். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், ஆனால் அனுமதிப் பத்திரம் எங்கே என்று கேள். எக்ஸாஸ்ட் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பத்து வருடம் தாண்டிய காருக்கு வருடா வருடம் சோதனை உண்டு, ஒவ்வொரு முறையும் ஒரிஜினலை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒரிஜினல் எக்ஸாஸ்ட், ஒரிஜினல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாம் பெட்டியில் வைத்திருக்கிறாரா? இல்லை என்றால் நான் வாங்க மாட்டேன். கண்ணாடிக் கருப்புப் படலத்தையும் பார்த்துக்கொள், முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடியும் 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், பின்பக்கம் 25.

மாற்றங்களைக் காப்புறுதிக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று மாலா சொல்லட்டும்.


காப்புறுதி_மாலா

சொல்லாத மாற்றம் இழப்பீட்டை மறுக்க இன்னொரு காரணம், அவ்வளவுதான். சட்ட அனுமதி இல்லாத மாற்றம் என்றால் வாதாடவே இடம் இருக்காது.


உட்லண்ட்ஸ்_தேவி

நான் கூப்பே ஓட்டுகிறவள், இளவயதில் வாங்கினேன், இன்றும் வைத்திருக்கிறேன், ஆகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் தம்பி. தினசரி எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை, அதை எழுதுகிறேன்.

கதவு நீளம். நம் பழைய வீவக பல மாடிக் கார்பார்க்கில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும், இடுப்பை வளைத்துத்தான் வெளியே வர வேண்டும். நான் எப்போதும் ஓரமான இடத்தைத் தேடி மேல் மாடி வரை போய்விடுவேன், அங்கே பக்கத்துக் கார் கதவு வந்து இடிப்பதும் குறைவு. 86இன் பின்னிருக்கை பைக்கும் ஹெல்மெட்டுக்கும்தான். அம்மா, பாட்டி யாராவது பின்னால் ஏற வேண்டும் என்றால் முடியாது, முன்னால் ஏறினாலும் எழுந்து வெளியே வருவதற்குக் கை கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இன்னொரு கார் இருப்பதால் பிழைத்தீர்கள்.

தரைக்கும் காருக்கும் இடைவெளி 13 சென்டிமீட்டர் அளவுதான். யாராவது ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் இறக்கியிருந்தால் கார்பார்க் சரிவுகளில் முன்பக்கம் தட்டும், தேங்கிய தண்ணீரிலும் பயம். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மழையைப் பற்றி. பின்சக்கர இயக்கத்தைவிட டயர்தான் பெரிய விஷயம், இதை என் அனுபவத்தில் அழுத்திச் சொல்கிறேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெய்யும் மழையில் தீவு விரைவுச்சாலையில் நீங்கள் 80இல் போனாலும் தேய்ந்த டயர் தண்ணீரில் மிதக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது, நான் 3க்குக் கீழே போனதும் மாற்றிவிடுவேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 3521 என்றால் 2021இன் 35வது வாரம். குறைவாக ஓடும் காரில் பள்ளம் ஆழமாகத் தெரியும், ரப்பர் கல்லாகியிருக்கும், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு பொத்தானைத் தொடவே தொடாதீர்கள், சாலையில் அதை அணைக்க எந்தக் காரணமும் கிடையாது.

இன்னொரு யோசனையும் உண்டு. 86தான் வேண்டும் என்று மனம் ஒட்டிவிட்டது, சரி. ஆனால் ஏழரை வருடம் எதற்கு? ஐந்து வருடத்துக்கு மட்டும் சிஓஇ புதுப்பித்த 86 சில நேரம் விற்பனைக்கு வரும். அதை மறுபடி புதுப்பிக்க முடியாது, முடிந்ததும் பதிவை நீக்கியே ஆக வேண்டும், அதனால் பலர் தொட மாட்டார்கள். மூன்று வருடம் மீதியுள்ள ஒன்றை எடுத்தால் விலை பாதிக்கும் கீழே வரலாம், உங்கள் ரொக்கமும் கையில் நிற்கும். மூன்று வருடத்தில் உங்களுக்கு 27. பிடிஓ (புது வீவக வீட்டு விண்ணப்பம்), கல்யாணம் எல்லாம் அப்போதுதான் ஆரம்பிக்கும். கார் தானாகவே முடிந்துவிடும், கடனும் முடிந்துவிடும், மூன்று வருட என்சிடி கையில் இருக்கும். என் நண்பர்கள் வட்டத்தில் கூப்பே வாங்கியவர்களில் மனக்கசப்போடு விற்றவர்கள் எல்லாரும் நீளக் கடன் எடுத்தவர்கள், குழந்தை வந்தபோது கடன் பாக்கி காரின் விலையைவிட அதிகமாக இருந்தது.


பொத்தோங்பாசிர்_கணேசன்

தேவி சொல்வதை முழுதாக ஆதரிக்கிறேன். குறுகிய சிஓஇக்குக் கடன் காலமும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதை மட்டும் கவனி, தவணை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கும். 40,000க்குக் கிடைத்தால் 60 விழுக்காடு 24,000, மூன்று வருடத்தில் வட்டியோடு மாதம் 740 வரும். ஆனால் ரொக்கம் 16,000தான் போகும், உன்னிடம் 26,000 மிஞ்சும். எனக்கு அந்த 26,000தான் பெரிதாகத் தெரிகிறது.


அட்மிரல்டி_அப்பா

என் மகனுக்கும் உங்கள் வயதுதான், அதனால் எழுதுகிறேன்.

காசைப் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு நேரத்தில், தஞ்சோங் பகார் சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கடைவீட்டில் மோதித் தீப்பிடித்து ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். 50 வரம்புள்ள சாலை. காரில் இருந்தவர்கள் அனைவரும் நண்பர்கள். ஐந்து குடும்பம். அந்தச் செய்தியைப் படித்த இரவு என் மகன் வீட்டுக்கு வரும் வரை நான் தூங்கவில்லை.

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பொறுப்பான பிள்ளையாகத் தெரிகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். நண்பர்கள் ஏறிக்கொண்டு "கொஞ்சம் அழுத்து" என்று சொல்லும்போது என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் முடிவு செய்ய முடியாது. வாங்கும் முன் உங்கள் அப்பாவை அந்தக் காரில் உட்கார வைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அவர் பயப்படுவது காருக்காக இல்லை.


செப்பாங்_ரசிகன்

மேலே ஐயா சொன்னதற்கு ஒரு பதில் என்னிடம் உண்டு, வேகம் வேண்டும் என்றால் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மரினா பேயில் 2008 முதல் எஃப்1 நடக்கிறது, ஆனால் நாம் ஓட்ட சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத்தடம் இல்லை. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலையில் இன்று குரங்குகளும் சைக்கிள் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், அங்கே போய் விளையாட வேண்டாம். லிம் சூ காங் சாலையும் வேண்டாம். 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் போய்விடும், அடுத்த காப்புறுதி விலையைக் கேட்கவே வேண்டாம்.

மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்துக்கு நான்கு மணி நேரம். தடம் 5.543 கிலோமீட்டர், சாதாரண ஆட்கள் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாட்கள் உண்டு. 86க்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, சக்தி குறைவு என்பதால் பிரேக்கும் டயரும் கனமான கார்களைப் போல் சீக்கிரம் கரையாது, தவறு செய்தாலும் கார் முன்கூட்டியே சொல்லிவிடும். போகும் முன் பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்று, பேடைப் பார், எஞ்சின் எண்ணெய் அளவைப் பார். விஇபி (வாகன நுழைவு அனுமதி) இல்லாமல் மலேசியாவுக்குள் போகாதே, இங்கிருந்து கிளம்பும்போது முக்கால் டேங்க் இருக்க வேண்டும், அங்கே நம் வண்டிக்கு 95 போடக் கூடாது, 97தான்.

தடத்தில் நடப்பதற்கு உன் காப்புறுதி எதையும் தராது. அதற்கும் அந்த 26,000 தேவை. கடனில் வாங்கிய ஒரே காரைத் தடத்துக்குக் கொண்டுபோவது சரியா என்று நீயே யோசி, நான் கடன் முடிந்த பிறகுதான் போகத் தொடங்கினேன்.


ஈசூன்_மேனுவல்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கணேசன் அண்ணன் சொன்னபடி லாக் கார்டைக் கேட்டேன், இன்னும் அனுப்பவில்லை. எக்ஸாஸ்ட் அனுமதிப் பத்திரம் கேட்டதற்கு "இதுவரை சோதனையில் பிரச்சினை வந்ததில்லை" என்று மட்டும் பதில் வந்தது. ஒரிஜினல் எக்ஸாஸ்ட் அவரிடம் இல்லை.

அப்பாவிடம் பேசினேன். அவர் பெயரில் பதியும் பேச்சை விட்டுவிட்டோம். தேவி அக்கா சொன்ன ஐந்து வருடப் புதுப்பிப்பு எனக்குத் தெரியவே தெரியாது, இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் முடிகிற வரை எப்படியும் காத்திருக்கப் போகிறேன், மாலா அக்கா சொன்ன மாதிரி அப்போது காப்புறுதி விலையை மறுபடி கேட்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். மூன்று வருடம் மட்டும் மீதியுள்ள காரை முன்னிருந்தவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்ற பயம் இருக்கிறது. எப்படியும் முடியப்போகிற கார்தானே என்று எண்ணெய்கூட மாற்றாமல் ஓட்டியிருந்தால்?


சின்மிங்_பட்டறை

நியாயமான பயம். அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பில் கேள், ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும். பில் இல்லை என்றால் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பார், தார் மாதிரி படிந்திருந்தால் கதை தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினார் என்று கேள். பாக்ஸரில் அது பக்கவாட்டில் மாட்டியிருக்கும், கை நுழையாது, கூலி அதிகம் என்று தள்ளிப்போடுவார்கள். அதை ஒழுங்காகச் செய்திருந்தால் மற்றதையும் செய்திருப்பார் என்று நான் நம்புவேன். டிஃபரென்ஷியல் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில்லும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தச் சிவப்பு வண்டியை விட்டுவிடு. பத்திரமும் இல்லை, ஒரிஜினலும் இல்லை என்பவரிடம் 98,000 கொடுக்க வேண்டாம். வேறு ஒன்று கிடைத்ததும் இங்கேயே எழுது. சேஸிஸ் எண், மீதி சிஓஇ, கட்டிய பிக்யூபி, கடைசி நான்கு பில், இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு எழுது, அப்போதுதான் ஏதாவது சொல்ல முடியும். பார்க்கப் போகிற நாள் மழையாக இருந்தால் தள்ளிப்போடாதே, ஈரத்திலும் ஒருமுறை ஓட்டிப் பார்.